மேரி எவர்ஷெட் 'உறுதுணை' மட்டும்தானா? வானியல் கண்காட்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கண்காட்சிக் குழுத் தலைவர் ஐயாவுக்கும் குழுவில் உள்ள நண்பர்களுக்கும்,

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கே வருகிறேன். பள்ளிகளுக்குக் கொண்டுபோகவிருக்கும் வானியல் கண்காட்சியின் கடைசி வடிவத்தைப் போன வாரம் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தீர்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பற்றிய பகுதிக்காக நான் எழுதிக் கொடுத்த மேரி எவர்ஷெட் பலகையை அதில் காணோம். அதற்குப் பதில் அந்த ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த ஜான் எவர்ஷெட் பலகையின் அடியில் ஒரு வரி: "இவருடைய துணைவியார் மேரி இவருக்கு உறுதுணையாக இருந்தார்." ஏன் என்று கேட்டேன். இடம் போதவில்லை என்றார் ஒருவர். மேரி ஆய்வகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் இல்லை, ஆர்வத்தில் செய்த வெறும் அமெச்சூர்தானே என்றார் இன்னொருவர். மார்ச்சில் மகளிர் தினம் வருகிறது, அப்போது தனியாக ஒரு ஃபிளெக்ஸ் அடித்துக்கொள்ளலாம் என்று மூன்றாமவர் வழி சொன்னார். கடைசியில் "ஃபைனல் ஆயிடுச்சு டீச்சர், இனி மாத்த வேண்டாம்" என்று கும்பிடு பொம்மையோடு ஒரு செய்தி வந்து பேச்சு முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. அந்தக் குழுவிலேயே பதில் எழுதியிருந்தால் காலையில் வருகிற நாலு குட்மார்னிங் படங்களுக்கு அடியில் அது போய்விடும். அதனால் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். உங்கள் யார் மீதும் தனிப்பட்ட கோபம் இல்லை; இந்த முடிவின் மீது இருக்கிறது.

முதலில், நீங்கள் பலகையிலிருந்து எடுத்தது யாரை என்று சொல்லிவிடுகிறேன். நான் கொடுத்த குறிப்பைக் குழுவில் எத்தனை பேர் முழுதாகப் படித்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

மேரி ஆக்வொர்த் ஓர், 1867 ஜனவரி 1 அன்று இங்கிலாந்தின் பிளிமத் நகரில் பிறந்தவர். இருபது வயதுக்கு மேல் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் கொஞ்ச காலம் தங்கியிருந்தபோது இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் கவிதையில் ஈடுபாடு வந்தது. அதில் வருகிற நட்சத்திரங்களும் கிரகங்களும் அவரைப் பிடித்துக்கொண்டன. 1890-இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனார். அங்கே வானம் வேறு, பழகிய நட்சத்திரங்கள் பாதி தெரியாது, தெரிகிறவையும் தலைகீழாகக் கிடக்கும். தென்வானத்தைத் தெரிந்துகொள்ளச் சாதாரண ஆள் கையில் எடுத்துப் போகிற மாதிரி ஒரு நல்ல கையேடு இல்லை என்று பார்த்தவர் தானே ஒன்றை எழுதினார். அவருக்கு ஊக்கம் கொடுத்தவர் ஜான் டெபட். 1861-இன் பெரிய வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர், சொந்தப் பண்ணையிலேயே ஆய்வகம் கட்டிக்கொண்டு காலமெல்லாம் யாரிடமும் சம்பளம் வாங்காமல் வானத்தைப் பார்த்தவர். (அந்த அமெச்சூரைத்தான் ஆஸ்திரேலியா 1984-இல் தன் நூறு டாலர் நோட்டில் அச்சடித்தது. நம்மிடம் ஒரு ஃபிளெக்ஸுக்கே இடம் இல்லை.)

இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகு மேரி பிரிட்டிஷ் வானியல் சங்கத்தில் சுறுசுறுப்பாக இருந்தார். 1890-இல் தொடங்கிய நாளிலிருந்தே பெண்களைச் சேர்த்துக்கொண்ட சங்கம் அது. 1896 ஆகஸ்டில் சூரிய கிரகணம் பார்க்கச் சங்கத்தார் கப்பலேறி நார்வேயின் வாட்சோவுக்குப் போனார்கள், மேகம் மூடிக் கிரகணம் தெரியவில்லை. அந்தப் பயணத்தில்தான் ஜான் எவர்ஷெட்டைச் சந்தித்தார். 1906-இல் திருமணம். அடுத்த ஆண்டு தொடக்கத்தில், அமெரிக்கா, ஜப்பான் வழியாகச் சுற்றிக்கொண்டு இருவரும் கொடைக்கானல் வந்து சேர்ந்தார்கள். இன்று வத்தலக்குண்டில் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் மேலே போய்விடுகிறோம். அப்போது அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரம் வந்து, அங்கிருந்து குதிரையிலோ ஆட்கள் தூக்கும் நாற்காலியிலோ நடந்தோதான் மலையேற வேண்டும். அப்படி வந்த மேரி 1923 வரை அங்கேயே இருந்தார். பதினாறு வருடம்.

அந்தப் பதினாறு வருடத்தில் அவர் என்ன செய்தார் என்பதுதான் 'உறுதுணை' என்கிற வார்த்தைக்குள் நீங்கள் அமுக்கிவிட்ட விஷயம்.

நம் சூரியத் தொலைநோக்கியில் பிள்ளைகள் பார்ப்பதை நீங்களும் கூட நின்று பார்த்திருக்கிறீர்கள். சிவப்பு வடிகட்டி போட்டு, கண் வைக்கும் இடத்தில் கொஞ்சம் பொறுமையாக நிற்கச் சொல்லி, "ஓரத்தைப் பாரு, நடுவைப் பார்க்காதே" என்று சொல்ல வேண்டும். முதலில் எல்லோருக்கும் ஒரு சிவப்பு வட்டம்தான் தெரியும். போன தடவை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ரொம்ப நேரம் கண்ணை எடுக்காமலே நின்றாள், பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்த பிறகு திரும்பி, "மிஸ், ஓரத்துல முடி முடியா நிக்குது" என்றாள். அவள் பார்த்தது ப்ராமினன்ஸ் எனப்படும் சூரியத் தழல். முடி மாதிரித் தெரிகிற அதில் நம் பூமியைப் போல பலவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கலாம். சில தழல்கள் நாள்கணக்கில் அசையாமல் நிற்கும், சில மணிக்கணக்கில் பொங்கிச் சிதறிவிடும்.

இந்தத் தழல்களைத்தான் மேரி கொடைக்கானலில் ஆராய்ந்தார். 1904-இலிருந்து அங்கே கால்சியம் வெளிவிடும் ஒரே நிற வெளிச்சத்தில் சூரியனைக் கண்ணாடித் தட்டுகளில் படம் பிடித்து வந்தார்கள். சூரியனின் வட்டத்தை மறைத்துவிட்டு ஓரத்தை மட்டும் எடுக்கும் படங்களும் உண்டு. வானம் தெளிந்திருக்கும் நாளெல்லாம் எடுத்த படங்கள் என்றால் தட்டுகள் எவ்வளவு குவியும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தழல்கள் சூரியனின் எந்த அகலாங்கில் எழுகின்றன, சூரியன் மேல் தெரியும் கரும்புள்ளிகள் கூடிக் குறையும் சுழற்சியோடு அவையும் எப்படி இடம் மாறுகின்றன என்பதையெல்லாம் ஒவ்வொரு தட்டாகப் பார்த்து, அளந்து, எழுதி, கூட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அப்படி எழுதிய பெரிய அறிக்கை 1917-இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் 'மெமாயர்ஸ்' என்ற ஆய்வு வெளியீடாக வந்தது. அதன் அட்டையில் ஆசிரியர் பெயர் இரண்டு: ஜே. எவர்ஷெட், எம். ஏ. எவர்ஷெட். அந்தக் காலத்து அரசாங்க ஆய்வகமே அவர் பெயரை அட்டையில் போட்டது. நூறு வருடம் கழித்து நாம் அதை அழித்துவிட்டு 'துணைவியார்' என்று எழுதுகிறோம்.

அது கணவரோடு சேர்ந்து எழுதியது, அவர்தான் பெயரைச் சேர்த்திருப்பார் என்று யாராவது முணுமுணுக்கலாம். சரி. 1913-இல் இங்கிலாந்தின் ராயல் வானியல் கழகத்தின் மாத இதழில் கரும்புள்ளிகளோடு சேர்ந்து வரும் தழல்களின் வகைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் ஒரே பெயர்தான், மேரியின் பெயர். அந்தக் கழகம் அன்று பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வதில்லை. கட்டுரையை வாங்கிக்கொள்ளும், ஆளை உள்ளே விடாது. 1916-இல்தான் பெண்களுக்குக் கதவு திறந்தது, 1924-இல் மேரி உறுப்பினரானார். இதையெல்லாம் என் குறிப்பில் எழுதித்தான் கொடுத்தேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேச்சு அங்கே திரும்பிவிடும். எவர்ஷெட் விளைவைக் கண்டுபிடித்தது ஜான். 1909 ஜனவரி 5 அன்று கரும்புள்ளியின் நிறமாலையில் கோடுகள் விலகியிருப்பதைப் பார்த்து, புள்ளியின் கருமையத்தைச் சுற்றியுள்ள மங்கலான பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்று கண்டவர் அவர். அதில் மேரிக்குப் பங்கு கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, ஜான் பலகையில் ஒரு எழுத்தையும் குறைக்கச் சொல்லவில்லை. மேரி செய்ததை மேரியின் பெயரில் போடுங்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

இப்போது அந்த 'வெறும் அமெச்சூர்' என்கிற பதிலுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் உறைத்தது அதுதான், ஏனென்றால் அதைச் சொன்னது ஒரு அமெச்சூர் வானியல் மன்றம்! நம்மில் யாருக்கு வானத்தைப் பார்க்கச் சம்பளம் வருகிறது? ஒருவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒருவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார், நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். ராத்திரி மொட்டை மாடியில் தொலைநோக்கியைத் தூக்கி வைத்துக்கொண்டு கொசுக்கடியில் நிற்பதற்கு நமக்கு யாரும் படி தருவதில்லை. நாம் எழுதி வைக்கிற குறிப்புகளுக்கு மதிப்பு உண்டு என்று நம்பித்தானே மன்றம் நடத்துகிறோம்? பிறகு எந்த வாயால் அவரை 'வெறும்' என்கிறோம்?

அதுவும் ஜான் எவர்ஷெட் பலகைக்குக் கீழே நின்றுகொண்டு இதைச் சொல்கிறோம்! கொடைக்கானலுக்கு வரும்வரை அவரும் அமெச்சூர்தான். லண்டனில் வேதிப் பகுப்பாய்வு செய்யும் ஒரு வேலையில் இருந்துகொண்டு, நண்பர் ரன்யார்ட் இறக்கும்போது விட்டுச்சென்ற 18 அங்குலத் தொலைநோக்கியைக் கென்லியில் சொந்தமாக நிறுவி, அங்கே வருடக்கணக்கில் சூரியத் தழல்களைப் பார்த்துக் குறித்து வந்தவர். 1864-இல் பிறந்தவருக்கு வானியலுக்காகச் சம்பளம் கிடைக்க நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. ஓய்வு பெற்றுப் போன பிறகும் யூஹர்ஸ்டில் சொந்த ஆய்வகம் வைத்துத்தான் வேலை செய்தார். இதெல்லாம் நீங்கள் அச்சுக்கு அனுப்பப் போகும் பலகையிலேயே பெருமையாக எழுதியிருக்கிறது: "ஆர்வத்தாலேயே உயர்ந்தவர்." ஆணுக்கு அது ஆர்வம், பெண்ணுக்கு அது பொழுதுபோக்கு. அப்படித்தானே?

சம்பளம் வாங்கியவர்தான் பலகைக்குத் தகுதி என்பது விதியானால், அதையாவது நேராகப் பின்பற்றியிருக்க வேண்டும். கொடைக்கானலுக்கு முன்னோடியான சென்னை நுங்கம்பாக்கம் ஆய்வகத்துக்கு இரண்டு பலகை ஒதுக்கியிருக்கிறீர்கள், சந்தோஷம். 1861-இல் இந்த மண்ணிலிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ஏசியா என்று பெயர் வைத்த நார்மன் போக்சன் இருக்கிறார். 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற, ஒளி கூடிக் குறையும் விண்மீனைக் கண்ட சிந்தாமணி ரகுநாதாச்சாரி இருக்கிறார், அவர் கட்டாயம் இருக்க வேண்டியவர். போக்சனின் மகள் ஐசிஸ் எங்கே? 1873-இலிருந்து கால் நூற்றாண்டு அந்த ஆய்வகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் அவர். 1886-இல் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினராக அவர் பெயரை முன்மொழிந்தார்கள். கழகத்தின் சாசனத்தில் ஆண்பாலில் எழுதியிருக்கிறது, பெண்ணைச் சேர்க்க முடியாது என்று சட்டம் பேசி அது நின்றுபோனது. 1920-இல்தான் சேர முடிந்தது. அவர் பணியாளர், ஆனாலும் உங்கள் பலகையில் இல்லை. மேரி பணியாளர் இல்லை, அதனால் இல்லை. ஆக, விதி சம்பளத்தைப் பற்றியது இல்லை போலிருக்கிறது.

குழுவில் ஒரு நண்பர் தனியாகப் போன் செய்து, "வெள்ளைக்காரம்மாவுக்கு நாம ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதே கொடைக்கானல் பகுதியில் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் மிச்சி ஸ்மித்துக்கும் ஜானுக்கும் ஆளுக்கொரு பலகை இருக்கிறது, அப்போது வராத கேள்வி மேரிக்கு மட்டும் ஏன் வருகிறது? அந்த நண்பருக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால் நான் ஒரு வேலை சொல்கிறேன். அந்தக் கண்ணாடித் தட்டுகளை எடுப்பதிலும் கழுவுவதிலும் கணக்குப் போடுவதிலும் மலைமேல் நம் ஊர் உதவியாளர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆய்வகத்தின் பழைய ஆண்டறிக்கைகளில் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் ஒரு பலகை போடுங்கள், உட்கார்ந்து எழுதித் தர நான் தயார். 1904-இல் தொடங்கி நூறு வருடத்துக்கு மேல் தொடர்ச்சியாகக் கிடைக்கும் அந்தப் படங்களை இன்று கணினியில் ஏற்றி, சூரியனின் நீண்டகால நடத்தையை உலகமெங்கும் படிக்கிறார்கள். அப்படி ஒரு தொடர் உருவாக ஒரு இயக்குநர் மட்டும் போதாது.

மகளிர் தின யோசனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீட்டினால் நான் கோபமாக எழுதிவிடுவேன். மார்ச் 8 அன்று வாசலில் கட்டி 9 அன்று கழற்றி ஸ்டோர் ரூமில் சுருட்டிப் போடுகிற ஃபிளெக்ஸில் மேரி கியூரிக்கும் கல்பனா சாவ்லாவுக்கும் நடுவில் வட்டப்படமாக அவரை ஒட்டுவதை நான் ஏற்க மாட்டேன். கொடைக்கானல் சூரிய ஆய்வின் கதையில் அவர் இருக்க வேண்டிய இடம் 1907-க்கும் 1923-க்கும் நடுவில். அங்கேதான் வைக்க வேண்டும்.

இது ஏதோ பழைய கதைக்கான சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். என் பள்ளியில் நடக்கிறதைச் சொல்கிறேன். கரும்புள்ளி வரைகிற பிள்ளைகள் சிலர் எங்களிடம் இருக்கிறார்கள். சின்னத் தொலைநோக்கியில் வருகிற சூரிய பிம்பத்தை அட்டையில் விழவைத்து, அதன் மேல் வெள்ளைத்தாளைப் பிடித்து, புள்ளி இருக்கிற இடத்தைப் பென்சிலால் குறிக்க வேண்டும். கேட்க எளிது. பிம்பம் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும், காற்றில் தாள் படபடக்கும், ஒருத்தி தொலைநோக்கியை மெல்ல நகர்த்த இன்னொருத்தி வரைய வேண்டும். தேதி, நேரம், மேகம் இருந்ததா இல்லையா, எல்லாம் ஓரத்தில் எழுத வேண்டும். இதில் ஒரு பெண், கோடை விடுமுறையிலும் வீட்டு வாசலில் இதைச் செய்து ஒரு நாற்பது பக்க நோட்டை நிரப்பிக்கொண்டு வந்தாள். நம் குழுவிலிருந்து பள்ளிக்கு வந்த ஒருவர் (யார் என்று சொல்லவில்லை, அவருக்கே தெரியும்) அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "நல்லா இருக்கும்மா, ஆனா இதுக்கு மார்க் ஏதும் உண்டா?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அதன் பிறகு அவள் வரைவது குறைந்துவிட்டது. பரீட்சை, வீட்டு வேலை என்று காரணம் சொல்கிறாள். எனக்கு அது மட்டும் என்று தோன்றவில்லை.

அவளுக்கு நான் என்ன சொல்ல வேண்டும்? ஜப்பானில் ஹிசாக்கோ கோயாமா என்று ஒருவர், இதே மாதிரி பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு நாற்பது வருடம் கரும்புள்ளி வரைந்தார், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், இன்று நானூறு ஆண்டுக் கரும்புள்ளிக் கணக்கைச் சரிசெய்ய அந்தப் படங்களையும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்கிறேன். சொல்லிப் பார்த்தேன், ஜப்பான் தூரமாக இருக்கிறது. அவள் ஊர் மாடியிலிருந்து பார்த்தால் கொடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடர் தெரியும். அதன் மேல் ஒரு பெண், யாரும் சம்பளம் தராமல், மார்க் போடாமல், இதே சூரியனின் ஓரத்தை வருடக்கணக்கில் அளந்துகொண்டிருந்தாள் என்றால் கேட்கிற பிள்ளைக்கு அது வேறு மாதிரி இறங்கும். நீங்கள் எடுத்துவிட்ட பலகை, நோட்டை நிரப்பிய அந்தப் பிள்ளைக்காக நான் எழுதியது. 'உறுதுணையாக இருந்தார்' என்ற வரியைப் படித்தால் அவள் என்ன கற்றுக்கொள்வாள் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சூரியப் படத் தட்டுகளை அளந்துகொண்டு அதே மலையில் இருந்த காலத்தில்தான் மேரி தாந்தேயையும் பழங்கால வானியலாளர்களையும் பற்றிய தன் பெரிய புத்தகத்தையும் வெளியிட்டார், 1914 வாக்கில், எம். ஏ. ஓர் என்ற தன் பிறந்த வீட்டுப் பெயரில். பதினாலாம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞன் ஒருவன் சொன்ன நட்சத்திரக் கணக்குகளை வானியல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்த புத்தகம் அது. இங்கிலாந்து திரும்பிய பின், 1930-இல் பிரிட்டிஷ் வானியல் சங்கத்தில் வரலாற்றுப் பிரிவு தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான், 1944 வரை. அந்தப் பிரிவு 1938-இல் ஒரு தொகுப்பு கொண்டு வந்தது. நிலாவின் பள்ளங்களுக்கும் மலைகளுக்கும் யார் யார் பெயரை வைத்திருக்கிறார்கள், அவர்களெல்லாம் யார், என்ன செய்தவர்கள் என்று ஒவ்வொருவராகத் தேடி எழுதிய தொகுப்பு. மறந்துபோன பெயர்களை ஒவ்வொன்றாகத் தூசி தட்டி எடுத்துவைத்த பெண்மணி 1949 அக்டோபர் 25-இல் இறந்துபோனார். இன்று நிலாவின் மறுபக்கத்தில் எவர்ஷெட் என்று ஒரு பள்ளம் இருக்கிறது. அது ஜானின் பெயர். அந்த விஷயத்தில் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, சர்வதேச வானியல் சங்கம் பார்த்துக்கொள்ளும். ஆனால் நாலடிக்கு மூன்றடி ஃபிளெக்ஸ் நம் கையில்தான் இருக்கிறது.

இடம் இல்லை என்றீர்கள். வரவேற்பில் நன்கொடையாளர் படங்களுக்கும் வாழ்த்துரைகளுக்கும் மூன்று பலகை போயிருக்கிறது. அதில் ஒன்றைச் சுருக்கினால் போதும். நன்கொடை தந்தவர்களில் இருவரிடம் நானே பேசிவிட்டேன், அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை.

ஆகவே குழுவிடம் நான் கேட்பது இவைதான். ஃபிளெக்ஸ் அச்சுக்குப் போவதற்கு முன் மேரி எவர்ஷெட் பலகையைக் கொடைக்கானல் வரிசையில், ஜான் பலகைக்கு அடுத்து, அதே அளவில் திரும்ப வையுங்கள். 1913 கட்டுரையும் 1917 அறிக்கையும் ஆண்டு போட்டு, ஆசிரியர் பெயர் போட்டு அதில் இருக்க வேண்டும். 'உறுதுணை' வரியை எடுத்துவிடுங்கள், பள்ளிகளுக்கு அனுப்பும் ஆசிரியர் கையேட்டிலும் அதே வரி ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது, அதையும் சேர்த்து. சென்னை ஆய்வகப் பலகையில் ஐசிஸ் போக்சனைச் சேருங்கள், தனிப் பலகை முடியாவிட்டால் அவர் அப்பாவின் பலகையிலேயே 1873, 1886, 1920 ஆகிய மூன்று ஆண்டுகளோடு நாலு வரி போதும். கொடைக்கானல் உதவியாளர்கள் பெயர்ப் பட்டியலைத் திரட்ட எனக்கும் இன்னும் விருப்பமுள்ள இரண்டு பேருக்கும் குழு பொறுப்புக் கொடுக்க வேண்டும், அது அடுத்த சுற்றுக் கண்காட்சிக்குள் தயாராகிவிடும். வினாடி வினாவில் கொடைக்கானல் பற்றிய ஆறு கேள்விக்கும் விடை ஆண்களாகவே இருக்கிறார்கள், இரண்டை மாற்றுங்கள், கேள்விகளை இந்த மடலோடு தனியாக அனுப்பியிருக்கிறேன்.

கடைசியாக, பள்ளிக்கு வந்து மார்க் உண்டா என்று கேட்ட நண்பர் இன்னொரு தடவை வந்து, கண்காட்சியில் அந்தப் பிள்ளையின் நோட்டுக்கு ஒரு மேசை ஒதுக்குவதாக அவளிடமே சொல்ல வேண்டும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்பதை அடுத்த கூட்டத்தில் பேசி, கூட்டக் குறிப்பில் எழுதித் தெரிவியுங்கள். வாட்ஸப்பில் கும்பிடு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மன்றத்தின் உறுப்பினரான அறிவியல் ஆசிரியை